வீட்டுக்கு முழு ஃபைபர் இணைய இணைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு ஃபைபர் இணைப்புக் கேட்டு விண்ணப்பித்தவர்களுக்கும், விண்ணப்பிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. தெருவிலிருந்து வீட்டுச் சுவர் வரையிலான வேலையைச் சேவை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். சுவருக்கு உள்ளே எது எங்கே இருக்க வேண்டும் என்பதை வீட்டில் இருப்பவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பிற்பாடு எழும் குறைகளில் பெரும்பாலானவை சுவருக்கு உள்ளேதான் தொடங்குகின்றன என்பதால், பதில்களிலும் அந்தப் பகுதிக்கே கூடுதல் இடம் தரப்பட்டிருக்கிறது.

முழு ஃபைபர் இணைப்பு, மற்ற பிராட்பேண்ட் இணைப்புகளிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

சேவை நிறுவனத்தின் நிலையத்தில் தொடங்கி உங்கள் வீட்டுக்குள் இருக்கும், ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றும் பெட்டி வரைக்கும், நடுவில் செம்புக் கம்பி எதுவும் குறுக்கிடாமல், கண்ணாடி இழையே வந்து சேர்வதுதான் முழு ஃபைபர் இணைப்பு. ஃபைபர் என்று விளம்பரப்படுத்தப்படும் எல்லா இணைப்புகளும் இப்படிப்பட்டவை அல்ல. தெருமுனையில் உள்ள பெட்டி வரை இழையாக வந்து, அங்கிருந்து பழைய தொலைபேசிக் கம்பியிலோ கேபிள் டிவி கம்பியிலோ வீட்டுக்குள் நுழையும் இணைப்புகளும் அதே பெயரில் விற்கப்படுகின்றன. தொலைபேசிக் கம்பி வழியே வரும் இணைப்பில், சில நூறு மீட்டர் தூரத்துக்குள் 100 எம்பிபிஎஸ் கிடைத்தாலும், ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் அதில் ஒரு பகுதிதான் மிஞ்சும். இழையில் இந்தச் சிக்கல் இல்லை. நிலையம் 2 கிலோமீட்டரில் இருந்தாலும் 15 கிலோமீட்டரில் இருந்தாலும் வேகம் ஒன்றுதான்.

எது வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. பெட்டியின் பின்புறம் தொலைபேசிக் கம்பியைச் செருகினால்தான் இணையம் வருகிறது என்றால் அது முழு ஃபைபர் அல்ல. பச்சை அல்லது நீல நிறப் பிளாஸ்டிக் முனை கொண்ட மெல்லிய கேபிள் செருகப்பட்டிருந்தால், அது ஃபைபர்தான். அடுக்குமாடிக் கட்டடங்களில் மூன்றாவது வகை ஒன்றும் இருக்கிறது: கட்டடத்தின் அடித்தளம் வரை இழை, அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஈதர்நெட் கேபிள். இதைக் குறைவாக மதிப்பிட வேண்டியதில்லை. கேபிள் நல்லதாக இருந்தால் 1000 எம்பிபிஎஸ் வரை தடையின்றிக் கிடைக்கும்.

ஒரே இழையைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றனவா? அப்படியானால் வேகம் குறையாதா?

பகிர்ந்துகொள்கின்றன. பரவலாகப் பயன்பாட்டில் உள்ள ஜிபான் முறையில், நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழையில் செல்லும் ஒளியை, வழியில் வைக்கப்படும் ஸ்பிளிட்டர் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிக்கிறது. ஸ்பிளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை. அது வெறும் கண்ணாடிதான். அந்தக் கிளைகள் அனைத்துக்குமாகச் சேர்த்துப் பதிவிறக்கத்துக்குச் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், பதிவேற்றத்துக்குச் சுமார் 1.25 ஜிபிபிஎஸ் கிடைக்கிறது. எல்லா வீடுகளும் ஒரே நொடியில் முழு வேகத்தையும் இழுப்பது மிக அரிது என்பதால், நடைமுறையில் இது போதுமானதாகவே இருக்கிறது. எக்ஸ்ஜிஎஸ்-பான் என்ற புதிய முறையில் இரு திசைகளிலும் 10 ஜிபிபிஎஸ் பகிரப்படுகிறது.

மாலை நேரங்களில் மட்டும் வேகம் சரிகிறது என்றால், ஸ்பிளிட்டரைவிட, சேவை நிறுவனம் வெளியுலகோடு இணையும் பாதை நெரிசலாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அக்கம்பக்கத்தில் அதே இணைப்பு வைத்திருப்பவர்களிடம் இரவு 9 மணிக்கு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது, விளம்பரத் தாளைப் படிப்பதைவிடப் பயன்தரும்.

பக்கத்து வீட்டுக்குச் செல்லும் தரவும் உங்கள் வீட்டுப் பெட்டி வரை வரத்தான் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு பெட்டிக்குமான தரவைத் தனித்தனித் திறவுகோலால் மறையாக்கம் செய்து அனுப்புவதற்கான ஏற்பாடு ஜிபான் தரநிலையிலேயே இருக்கிறது. மற்றவர்களுடையதை உங்கள் பெட்டி ஒதுக்கிவிடுகிறது.

எத்தனை எம்பிபிஎஸ் திட்டம் எடுப்பது?

பெரும்பாலான குடும்பங்களுக்கு 100 எம்பிபிஎஸ் தாராளம். 4கே தரத்தில் ஒரு படம் ஓடுவதற்கு 15 முதல் 25 எம்பிபிஎஸ் வரையும், காணொளி அழைப்புக்கு 3 அல்லது 4 எம்பிபிஎஸ்ஸும் போதும். திட்டத்தில் குறிப்பிடப்படும் எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. கோப்பு இறங்கும் வேகத்தைக் கணினி பைட் கணக்கில் காட்டும். எனவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 12 மெகாபைட் இறங்கினால் குறை ஏதும் இல்லை, அதுதான் முழு வேகம். கேட்க மறக்கக் கூடாத எண் பதிவேற்ற வேகம். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும், பெரிய கோப்புகளை அனுப்புபவர்களும் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நிறுவ வருவதற்கு முன் நான் என்ன முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்?

பெட்டி எங்கே இருக்கப்போகிறது என்பதை. இந்த ஒரு முடிவுதான் அடுத்த பல ஆண்டுகளுக்கு வீட்டில் வைஃபை எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. துரதிருஷ்டவசமாக, பல வீடுகளில் இது பணியாளர் துளையிடும் கருவியைக் கையில் எடுத்த பிறகு, ஒரு நிமிட யோசனையில் எடுக்கப்படுகிறது. வருபவருக்கு எளிதான இடம், தெருவுக்கு மிக அருகில் உள்ள முன்சுவரின் மூலைதான். வைஃபைக்கு அதைவிட மோசமான இடம் கிடைப்பது கடினம்: அலைகளில் பாதி தெருவுக்குப் போய்விடும், பின்கட்டுக்கு எதுவும் போய்ச் சேராது.

வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் ரவுட்டர் இருப்பது நல்லது. இரும்பு அலமாரிக்குள்ளும், டிவிக்குப் பின்னாலும், நிலைக்கண்ணாடிக்கு அருகிலும், மீன்தொட்டிக்குப் பக்கத்திலும் வைப்பதைத் தவிர்க்கவும். உலோகமும் நீரும் அலைகளைத் தடுத்துவிடும். தேர்ந்தெடுத்த இடத்தில் மின் இணைப்புப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கவும், இல்லையென்றால் முன்கூட்டியே எலக்ட்ரீஷியனை அழைத்து வைத்துவிடவும். நீட்டிப்புக் கம்பியில் தொங்கும் அடாப்டர், யாராவது கால் இடறும் வரைதான் வேலை செய்யும்.

இழையை முன்சுவரோடு நிறுத்தாமல் வீட்டின் நடுவரை கொண்டுவருமாறு கேட்பதில் தவறில்லை. இழைக்குக் கூடுதலாக 15 மீட்டர் என்பது ஒரு பொருட்டே அல்ல. அப்படி முடியாதபோது, பெட்டியை முன்சுவரில் விட்டுவிட்டு, அங்கிருந்து ஓர் ஈதர்நெட் கேபிளை நடு அறைக்கு இழுத்து அங்கே தனி ரவுட்டர் வைக்கலாம்.

நிறுவும் நாளில் என்னென்ன நடக்கும்?

கம்பத்தில் அல்லது தெருப்பெட்டியில் உள்ள கிளையிலிருந்து உங்கள் வீட்டுக்கு ஒரு கேபிள் இழுக்கப்படும். பார்க்க அது கறுப்பு நிறத் தட்டைக் கம்பிபோல இருக்கும். நடுவில் ஓடும் இழைக்கு இருபுறமும் வலுவூட்டும் கம்பிகள் இருக்கும். கம்பத்திலிருந்து தொங்கும் வகையில் தனியாக ஓர் எஃகுக் கம்பியும் சேர்ந்திருக்கும். மேலுறையை உரித்ததும் வெளிப்படும் கண்ணாடி இழையின் விட்டம் 125 மைக்ரோமீட்டர், ஏறத்தாழ ஒரு தடித்த தலைமுடியின் பருமன். அதிலும் ஒளி செல்வது நடுவில் உள்ள 9 மைக்ரோமீட்டர் பகுதியில் மட்டும்.

கவனித்துப் பார்க்க வேண்டிய கட்டம் இழைகளை ஒட்டுவதுதான். பணியாளர் இழையின் மேல்பூச்சைச் சுரண்டி எடுத்து, ஆல்கஹால் தோய்ந்த தாளால் துடைத்து, கிளீவர் என்ற கருவியில் வைத்து முனையைச் செங்குத்தாக நறுக்குவார். பிறகு இரு முனைகளையும் ஸ்பிளைசிங் இயந்திரத்தில் வைத்து மூடியதும், இயந்திரத்தின் சிறு திரையில் இரண்டு கோடுகள் தாமாகவே நகர்ந்து நேருக்கு நேர் வந்து நிற்கும். ஒரு மின்பொறி பாய, இரண்டும் உருகி ஒன்றாகிவிடும். இழப்பு 0.02 டெசிபெல் என்பது போன்ற ஓர் எண் திரையில் தோன்றும். ஒட்டிய இடத்தின் மேல் ஒரு சிறு குழலைச் சூடாக்கிச் சுருக்கினால் வேலை முடிந்தது. இந்த இயந்திரம் இல்லாமல், கையால் மாட்டும் முனையைப் பொருத்திவிட்டுச் செல்வதும் உண்டு. அன்றைக்கு அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நாள்பட, வெயிலிலும் ஈரத்திலும் அதில் இழப்பு கூடக்கூடும். வாய்ப்பிருந்தால் உருக்கி ஒட்டும்படி கேட்பதே நல்லது.

பச்சை முனையையும் நீல முனையையும் ஒன்றோடொன்று இணைக்கக் கூடாது. பச்சை முனையின் கண்ணாடி முகம் 8 பாகை சாய்த்துத் தேய்க்கப்பட்டது, நீல முனையின் முகம் சாய்வற்றது. இரண்டையும் சேர்த்துச் செருகினால் உள்ளே இடைவெளி விழுந்து ஒளி வீணாகும்.

கடைசியாக, வந்து சேரும் ஒளியின் அளவு ஒரு மீட்டரில் பார்க்கப்படும். ஒளியின் திறனைக் குறிக்கும் டிபிஎம் என்ற அலகில் அது மைனஸ் 15 முதல் மைனஸ் 24 வரை இருந்தால் நிம்மதி. பரவலான வகைப் பெட்டிகளுக்கு மைனஸ் 27 தான் எல்லை; அதை ஒட்டி இருந்தால் இணைப்பு கிடைக்கும், ஆனால் எங்காவது சிறிது இழப்பு கூடினாலே அறுந்துபோகும். ஒவ்வொரு 3 டெசிபெல் இழப்பும் ஒளியைப் பாதியாக்கிவிடுகிறது என்பதை நினைவில் கொள்ளவும். அந்த எண்ணைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னாளில் புகார் செய்யும்போது ஒப்பிட்டுக் காட்ட ஓர் ஆதாரம் இருக்கும்.

சுவரில் எவ்வளவு பெரிய துளை போடுவார்கள்?

சுண்டுவிரல் நுழையும் அளவு. துளை உள்ளிருந்து வெளிப்புறம் நோக்கிச் சற்றே சரிந்திருக்க வேண்டும். மாறாக இருந்தால் மழைநீர் வீட்டுக்குள் வடியும். வெளியே கேபிள் துளைக்குள் நுழையும் முன் ஒரு வளைவாகக் கீழே இறங்கி மேலேறினால், வழிந்துவரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வேலை முடிந்ததும் துளையைச் சிலிக்கான் பசையால் அடைக்கச் சொல்லவும். எறும்புகளுக்கு அந்த வழி மிகவும் பிடிக்கும். சுவருக்குள் மின்கம்பிகளும் குழாய்களும் எங்கே ஓடுகின்றன என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், வருபவருக்கு அது தெரியாது. ஏற்கெனவே காலியாக ஒரு குழாய் சுவருக்குள் இருந்தால் துளையே தேவைப்படாமல் போகலாம்.

வாடகை வீட்டில் இருக்கிறேன். உரிமையாளரின் அனுமதி வேண்டுமா?

வேண்டும், அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளவும். ஒரு குறுஞ்செய்தியாக இருந்தாலும் போதும். கேபிள் எந்த வழியாக வரும், துளை எங்கே விழும் என்பதையும் அதிலேயே குறிப்பிட்டுவிட்டால், காலி செய்யும் நாளில் வாக்குவாதம் எழாது. அடுக்குமாடியில் பொதுப் பகுதி வழியாகக் கேபிள் வருமானால் சங்கத்திடமும் கேட்க வேண்டியிருக்கும்.

இழையை வளைக்கலாமா? கதவிடுக்கில் மாட்டினால் என்ன ஆகும்?

வளைக்கலாம், ஆனால் மடிக்கக் கூடாது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளைந்தால் இழை உடையாமலேயே ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும். பழைய வகை இழைகளுக்கு வளைவின் ஆரம் 30 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். வீடுகளுக்கென உருவாக்கப்பட்ட ஜி.657.ஏ2 வகை 7.5 மில்லிமீட்டர் வரை தாங்கும். தாங்கும் என்பதற்காக அந்த எல்லை வரை போக வேண்டியதில்லை. மிச்சக் கேபிளை உள்ளங்கை அகலத்துக்குச் சுருட்டித் தொங்கவிட்டாலே எந்த வகைக்கும் பாதுகாப்பு.

வீட்டில் இழை பழுதாகும் காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. துடைக்கும்போது மேசையைச் சுவரோடு தள்ளுவது, ஜன்னல் கதவை இழையின் மேல் சாத்துவது, கிளிப் ஆணி இழையைக் குத்துவது, எலி கடிப்பது. பச்சை முனையை அவ்வப்போது கழற்றி மாட்டுவதையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம். 9 மைக்ரோமீட்டர் பாதையை மறைக்க ஒரு தூசி போதும். விரல் பட்டால் எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொள்ளும். காரணமின்றி அதைத் தொடாமல் இருப்பதே சிறந்த பராமரிப்பு.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

லாஸ் (LOS) என்று குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். பெட்டியை மீண்டும் மீண்டும் அணைத்துப் போடுவதால் பயன் இல்லை. கேபிள் எங்காவது நசுங்கியிருக்கிறதா, முனை முழுதாகச் செருகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் புகாரைப் பதிவு செய்யவும். சிவப்பு விளக்கு இல்லாமல், பான் (PON) என்று குறிக்கப்பட்ட விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கிக்கொண்டே இருந்தால், ஒளி வருகிறது, ஆனால் நிலையத்தில் உங்கள் பெட்டி பதிவாகவில்லை. பெட்டியின் வரிசை எண் நிலையத்தில் பதிந்திருந்தால்தான் அது இயங்கும். பக்கத்து வீட்டுப் பெட்டியை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பது வேலை செய்யாததற்கும் அதுவே காரணம். இரண்டு விளக்குகளும் சரியாக இருந்து இணையம் மட்டும் வரவில்லையென்றால், கோளாறு இழையில் இல்லை. கணக்கிலோ, ரவுட்டர் அமைப்பிலோ, நிலுவைக் கட்டணத்திலோ இருக்கும்.

500 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறேன், கைபேசியில் 60 தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

முடிவுக்கு வருமுன் ஒரு சோதனை செய்யவும். கணினி ஒன்றை ஈதர்நெட் கேபிள் மூலம் நேரடியாகப் பெட்டியில் இணைத்து வேகத்தைப் பார்க்கவும். அதில் 470, 480 என்று வந்தால், நிறுவனம் தர வேண்டியதைத் தந்துவிட்டது. மிச்சம் வீட்டுக்குள் தொலைகிறது.

கேபிள் சோதனையில் 94 அல்லது 95 என்ற எண்ணில் வேகம் நின்றுவிட்டால் காரணத்தை அங்கேயே கண்டுபிடித்துவிடலாம். 100 எம்பிபிஎஸ் போர்ட்டின் உச்சம் அதுதான். கணினியிலோ பெட்டியிலோ உள்ள போர்ட் பழையதாக இருக்கலாம். அல்லது கேபிளில் உள்ள எட்டுக் கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கலாம். நான்கு கம்பிகளோடு 100 எம்பிபிஎஸ் ஓடும், ஜிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். கேட்5இ வகைக் கேபிள் 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். அதைவிட விலை கூடிய வகை பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையில்லை.

வைஃபையைப் பொறுத்தவரை, கைபேசி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணைந்திருந்தால் 60 என்பது வியப்பே அல்ல. அந்த அலைவரிசை தூரம் போகும், சுவரை ஊடுருவும், ஆனால் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அதில்தான் மோதிக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் பல மடங்கு கிடைக்கும். ஆனால் இரண்டு கான்கிரீட் சுவர்களைத் தாண்டினால் சோர்ந்துவிடும். ஒரே அறையில் நன்றாகவும் அடுத்த அறையில் மோசமாகவும் இருந்தால், திட்டத்தை உயர்த்துவதால் எதுவும் மாறாது. வீட்டின் பல இடங்களில் வைத்து வைஃபையைப் பரப்பும் மெஷ் கருவிகள் உதவும், ஆனால் அவை ஒன்றோடொன்று வைஃபையிலேயே பேசிக்கொள்ளும்போது வேகத்தின் ஒரு பகுதி அந்தப் பேச்சுக்கே செலவாகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு ஈதர்நெட் கேபிளை இழுத்துவிட்டால் அந்த இழப்பு இல்லை. அழகுக்காகக் கேபிளே வேண்டாம் என்பவர்கள்தான் பிறகு மூன்றாவது மெஷ் கருவியையும் வாங்குகிறார்கள்.

என்னிடம் ஏற்கெனவே நல்ல ரவுட்டர் இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

பெரும்பாலும் முடியும். நிறுவனம் தரும் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தருமாறு கேட்கவும். அப்போது அது ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றும் வேலையை மட்டும் செய்யும், மற்றதை உங்கள் ரவுட்டர் பார்த்துக்கொள்ளும். மாற்றாமல் இரண்டையும் ரவுட்டராகவே ஓடவிட்டால் சில விளையாட்டுகளும் அழைப்புகளும் தடுமாறும். வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவை நேரடியாகத் திறந்து பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: பொது ஐபி முகவரி உங்களுக்கென்று தரப்படுமா, அல்லது பல வாடிக்கையாளர்களுக்கு ஒன்றாகப் பகிரப்படுமா? பகிரப்பட்டால், ரவுட்டரில் எவ்வளவு போர்ட் திறந்துவிட்டாலும் கேமரா வெளியே தெரியாது.

மின்சாரம் போனால் இணையம் இருக்குமா?

பெட்டிக்கும் ரவுட்டருக்கும் மின்சாரம் இருக்கும் வரை இருக்கும். தெருவில் உள்ள ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை என்பதால், வீட்டில் இன்வெர்ட்டரோ, 12 வோல்ட் தரும் சிறிய யுபிஎஸ்ஸோ இருந்தால் தெரு முழுவதும் இருண்டிருந்தாலும் இணைப்பு ஓடும். யுபிஎஸ் வாங்கும்போது அடாப்டரில் அச்சிட்டுள்ள வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து வாங்கவும்.

தரைவழித் தொலைபேசி விஷயத்தில் எச்சரிக்கை தேவை. பழைய செம்புக் கம்பியில் நிலையத்திலிருந்தே 48 வோல்ட் வந்ததால், வீட்டில் மின்சாரம் இல்லாதபோதும் தொலைபேசி ஒலித்தது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. அவசர அழைப்புக்குத் தரைவழித் தொலைபேசியையே நம்பியிருக்கும் முதியவர்கள் வீட்டில் இருந்தால், மாற்று மின் ஏற்பாடு இல்லாமல் இணைப்பை மாற்றக் கூடாது.

இடி மின்னலால் பாதிப்பு வருமா? அந்த ஒளி கண்ணுக்குக் கெடுதலா?

இழை வழியாக மின்னல் வராது. ஆனால் கேபிளைத் தாங்கும் எஃகுக் கம்பி உலோகம்தான், அதை வெளிச்சுவரிலேயே நறுக்கி நிறுத்திவிட வேண்டும். அடாப்டர் வழியே மின்வலையிலிருந்து வரும் அதிர்ச்சி, மற்ற கருவிகளைப் போல இந்தப் பெட்டியையும் தாக்கும்.

இழையில் வரும் ஒளி 1490 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது, கண்ணுக்குத் தெரியாது. அதன் திறன் குறைவுதான் என்றாலும், கழற்றிய முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கக் கூடாது. ஒளி வருகிறதா என்பதை அப்படி அறியவும் முடியாது. உண்மையான ஆபத்து, நறுக்கிய கண்ணாடித் துணுக்குகளில்தான் இருக்கிறது. தரையில் விழுந்தால் தென்படாது, காலில் ஏறினால் எடுப்பது கடினம். வேலை நடந்த இடத்தில் வெறுங்காலோடு குழந்தைகளை விடாமல், ஒட்டும் டேப்பால் தரையை ஒற்றி எடுத்துவிடவும்.

இன்னும் வேகமான திட்டம் வந்தால் மறுபடி கேபிள் இழுக்க வேண்டுமா?

தேவையில்லை. பொறியியலாளர் சார்லஸ் காவ் 1966இல் ஜார்ஜ் ஹாக்கமுடன் எழுதிய கட்டுரையில், கண்ணாடியின் தூய்மையைக் கூட்டி இழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபெலுக்குக் கீழே கொண்டுவந்தால் தொலைத்தொடர்புக்கு அது உதவும் என்று காட்டினார். 1970இல் கார்னிங் நிறுவனம் அந்த எல்லையை எட்டியது. இன்றைய இழையில் இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 முதல் 0.35 டெசிபெல்தான். 2009இல் காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. வீட்டுக்கு வந்திருக்கும் இழையின் கொள்ளளவில் ஒரு சிறு பங்கைத்தான் இன்றைய பெட்டிகள் பயன்படுத்துகின்றன. எக்ஸ்ஜிஎஸ்-பான் வேறு அலைநீளங்களில், 1577, 1270 நானோமீட்டரில் இயங்குவதால், பழைய முறையோடு அதே இழையில் சேர்ந்தே ஓட முடியும். மாறுவது இரு முனைகளிலும் உள்ள பெட்டிகள் மட்டுமே.

பழைய இணைப்பை எப்போது ரத்து செய்வது?

புதியது வந்த அன்றே செய்யாமல், ஒரு வாரமாவது இரண்டையும் ஓடவிடவும். மழை நாளும் வார இறுதி இரவும் ஒருமுறை கடந்துபோகட்டும். தரைவழித் தொலைபேசி எண்ணைப் புதிய நிறுவனத்துக்கு மாற்ற விரும்பினால், மாற்றம் முடிந்ததற்கான உறுதிப்படுத்தல் வரும் வரை பழைய கணக்கை மூடவே கூடாது. மூடினால் எண் கைவிட்டுப் போகலாம். பழைய நிறுவனம் தந்த மின்னஞ்சல் முகவரியை வங்கிக் கணக்குக்கோ வேறு எதற்கோ கொடுத்திருந்தால் முதலில் அதை மாற்றிவிடவும். பழைய மோடத்தை அதன் அடாப்டரோடு திருப்பிக் கொடுத்து, வரிசை எண் குறிப்பிட்ட ரசீது வாங்கிக்கொள்ளவும்.